புன்னைக்காயலில் ஒரு ஞாயிறு: உள்ளே காயாத கண்டமும் மூன்று கிலோ பாறை மீனும்

போன மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மில்லர்புரத்திலிருந்து புன்னைக்காயலுக்குப் போய்வந்தேன். தனியாகத்தான். மீனையும் கறியையும் உப்புப் போட்டு வீட்டிலேயே காயவைக்க நினைப்பவர்களுக்கு உபயோகமாக இருக்கும் என்று பஸ் நேரம், செலவு எல்லாம் எழுதியிருக்கிறேன். ஆனால் ஏன் போனேன் என்பதை முதலில் சொல்ல வேண்டும். அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் சொன்னால் சரியாக இருக்காது.

என் அப்பா உப்பு லாரி ஓட்டுகிறார். தூத்துக்குடியில் லோடு ஏற்றினால் ஒடிசா வரை போவார். போக ஐந்து நாள், வர ஐந்து நாள், திரும்பும் லோடுக்காகக் காத்துக் கிடப்பது இரண்டு மூன்று நாள். ரோட்டோரக் கடைச் சாப்பாடு அவர் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. வண்டியிலேயே அடுப்பு வைத்துச் சோறு பொங்கிக்கொள்வார். தொட்டுக்கொள்ளக் கெட்டுப்போகாத ஏதாவது வேண்டும். அதற்காக மூன்று மாதத்துக்கு முன்பு ஒரு கிலோ ஆட்டுக்கறி வாங்கி உப்புக்கண்டம் போட்டேன். கறியை நீளநீளமாக அறுத்து, உப்பு, மஞ்சள், மிளகாய், பூண்டு அரைத்துப் பிசறி, வெயிலில் காயவைத்து எடுத்துவைப்பதுதான் உப்புக்கண்டம். வேண்டும்போது எண்ணெயில் பொரித்துக்கொள்ளலாம். போனில் பார்த்துத்தான் செய்தேன். இரண்டே நாளில் கருத்து மரக்கட்டை மாதிரி ஆனது. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. டப்பாவில் அடைத்து அப்பாவிடம் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் டப்பாவைத் திறந்தால் வாடை வந்திருக்கிறது. கூடப் போன மாற்று டிரைவர், "அண்ணாச்சி, அதத் தூரப் போடுங்க" என்றிருக்கிறார். அப்பா, "எம்பிள்ள செஞ்சதுடே" என்று சொல்லிப் பொரித்துத் தின்றிருக்கிறார். நெல்லூர் தாண்டியதும் வாந்தியும் வயிற்றுப்போக்கும். வழியில் ஓர் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றிப் படுத்திருந்தார். எங்களிடம் மூச்சு விடவில்லை. திரும்பி வந்தபிறகு மாற்று டிரைவர்தான் சொன்னார். அம்மா என்னைத் திட்டவில்லை. "இனிமே நீ ஒண்ணும் செய்யாண்டாம். கடையில வாங்கிக் குடுத்துக்கிடலாம்" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் பரவாயில்லாமல் இருந்திருக்கும்.

நான் பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். வகுப்பில் எழுப்பி நிறுத்தினால் தெரிந்த பதிலும் வாயில் வராது. அடுப்படி வேலைதான் எனக்குக் கைவந்தது. அதிலேயே இப்படி ஆனதும் இரண்டு வாரம் எதையும் தொடப் பிடிக்கவில்லை. அப்புறம்தான் எங்கே தப்பு நடந்தது என்று தெரிந்துகொள்ளத் தோன்றியது.

புன்னைக்காயலில் ஜெனிட்டா என்று ஒரு அக்கா, என்னைவிட மூன்று வயது பெரியவள், தான் கருவாடு போடுவதைச் சின்னச் சின்ன வீடியோவாகப் போடுவாள். முகம் தெரியாது, கையும் மீனும் மட்டும்தான் தெரியும். அதற்குக் கீழே நடந்ததை எல்லாம் எழுதி, நேரில் வந்து பார்க்கலாமா என்று கேட்டேன். எழுதி அழித்து எழுதி அழித்து, அனுப்ப ஆறு நாள் ஆனது. அவள் பதில் ஒரே வரி: "என்னைக்கு வேணும்னாலும் வா." போன் நம்பரும் தந்தாள். போன் பண்ணி இந்த நாள் வருகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்குப் பேசக் கூச்சம். வியாழக்கிழமை அப்பா மறுபடி கிளம்புகிறார், அதற்குள் ஏதாவது செய்துவிட வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பிவிட்டேன். அப்பாதான் அம்மாவிடம், "போய்ட்டு வரட்டும் விடு" என்றார்.

பழைய பஸ் ஸ்டாண்டில் காலை 6.40க்கு திருச்செந்தூர் பஸ். ஆத்தூருக்கு டிக்கெட் 25 ரூபாய். முள்ளக்காடு தாண்டியதும் இரண்டு பக்கமும் உப்பளம். பாத்திகளில் தண்ணீர் தகடு மாதிரி கிடக்க, ஓரமாக உப்பைக் குவித்து ஓலை போட்டு மூடியிருந்தார்கள். பழையகாயல், முக்காணி, அப்புறம் தாமிரபரணிப் பாலம். பாலம் ஏறினதுமே உப்பு நிறம் போய் எல்லாம் வாழையும் வெற்றிலைக்கொடியுமாக ஆகிவிடுகிறது. இந்த மாற்றத்தைப் பார்க்கவேண்டும் என்றால் போகும்போது இடது பக்க ஜன்னலில் உட்காருங்கள். ஆத்தூரில் இறங்கியபோது மணி 7.35.

அங்கிருந்து ஷேர் ஆட்டோ, ஆளுக்கு 20 ரூபாய், ஆறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஆட்டோக்கார அண்ணாச்சி, "யாரு வீட்டுக்கு?" என்றார். ஜெனிட்டா பெயரைச் சொன்னேன். "பூசைக்கா வாரிய?" என்று கேட்டார். இல்லை, மீன் வாங்க என்றேன். கண்ணாடியில் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். ஏன் அப்படிப் பார்த்தார் என்று கடற்கரைக்கு வந்தபிறகுதான் புரிந்தது. எல்லா வள்ளமும் கரையில் ஏறி நின்றது. ஒரு வலைகூட நனையவில்லை. மாதா கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது. வெள்ளைச் சட்டையும் புதுச் சேலையுமாக ஊரே பூசைக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஜெனிட்டா அக்கா வீட்டு வாசலில் நின்று என் பெயரைச் சொன்னேன். தலைக்கு முக்காடு போட்டுப் பூசைக்குக் கிளம்பிய கோலத்தில் வந்தவள் இடுப்பில் கை வைத்துச் சிரித்தாள்.

"ஏளா, நீதானா அது? ஞாயித்துக்கிழமை வந்து மீன் கேக்கியே, எங்க ஊர் வள்ளம் இன்னைக்குக் கடலுக்குப் போவாதுன்னு தெரியாதா? மில்லர்புரத்துல காலண்டர் கிடையாதா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. திரும்பிப் போகிறேன் என்றேன். "போவாண்டாம். இங்கனயே இரி. கமென்ட்ல அம்புட்டு நீளமா எழுதுனவ, நேர்ல வாயே தொறக்க மாட்டிக்க" என்று குசினிக்குள் கூட்டிப்போய் ஒரு டம்ளர் டீ கொடுத்து உட்கார வைத்துவிட்டுப் போனாள். இந்தக் கரையில் அடுப்படிக்குக் குசினி என்றுதான் பெயர். ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்தேன். தெரியாத வீட்டில் தனியாக இருப்பது எனக்குப் பிடித்திருந்தது என்றுகூடச் சொல்லலாம். யாரும் எதுவும் கேட்கவில்லை.

பூசை முடிந்து வந்ததும் சேலையை மாற்றிவிட்டு நைட்டிமேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு வேலையில் இறங்கினாள். அவள் அம்மா உள்ளே இருந்து, "ஞாயித்துக்கிழமையும் மீன் நாத்தமா? இன்னைக்காவது சும்மா இரேன்" என்று சத்தம் போட்டார்கள். "மீனுக்கு ஞாயிறு தெரியுமாம்மா? திருப்பிப் போடலன்னா அது பாட்டுக்கு நாறும்" என்றாள்.

புது மீன் இல்லாதது எனக்கு நல்லதாகவே போயிற்று. ஒரே நாளில் எல்லாக் கட்டத்தையும் பார்க்கக் கிடைத்தது. நேற்று உப்புப் போட்ட பாறை மீன் தொட்டியில் இருந்தது. முந்தாநாள் வாளை கயிற்றில் தொங்கியது. புதன்கிழமைச் சாளை காய்ந்து முடிந்து சாக்கில் கட்டத் தயாராக இருந்தது. வீட்டுப் பின்னால் இடுப்பு உயரத்துக்குக் கம்பு நட்டு, பழைய வலையை இழுத்துக் கட்டி, அதன்மேல்தான் காயவைக்கிறாள். தரையில் ஒரு மீன்கூட இல்லை. கீழே இருந்தும் காற்று போக வேண்டுமாம்.

தொட்டியில் இருந்த பாறையை எடுத்துக் காட்டினாள். முதுகு வழியாகக் கீறி நோட்டுப் புத்தகத்தை விரித்த மாதிரி விரித்திருந்தாள். வயிறு அப்படியே ஒட்டியிருக்கும், முள் ஒரு பக்கமாக நிற்கும். சதை தடிப்பாக இருக்கும் இடத்தில் எல்லாம் விரல் அகலத்துக்கு ஒரு கீறல், ஒவ்வொரு கீறலுக்குள்ளும் கல்லுப்பு. தூள் உப்பு போட்டால் மேலோடு கரைந்து ஓடிவிடும், கல் மெதுவாகக் கரைந்து உள்ளே இறங்கும் என்றாள். மூன்று கிலோ மீனுக்கு ஒரு கிலோ உப்பு. ஒரு வரிசை மீன், ஒரு வரிசை உப்பு, மேலே பலகை, பலகைமேல் கல். ஒரு ராத்திரியில் மீனில் இருந்து அவ்வளவு தண்ணீர் வெளியே வந்திருந்தது. அந்தத் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைக்கச் சொன்னாள். கடல் தண்ணீரைவிடக் கரித்தது.

தடிப்பான மீன்களுக்கு இன்னும் இரண்டு கீறல் போட்டு உப்பு வைத்தாள். கத்தியைப் பிடித்த கை நான் பார்த்துக்கொண்டே இருக்கும்படி இருந்தது. பேசிக்கொண்டே இருப்பாள், சிரிப்பாள், அம்மாவுக்குப் பதில் சொல்வாள், கீறல் மட்டும் எல்லா மீனிலும் ஒரே ஆழம். தோல்வரை போய் தோலைத் தொடாமல் நிற்கும். நான் ஒன்றைக் கீறினேன். தோல் கிழிந்து அந்தப் பக்கம் என் விரல் தெரிந்தது. "நல்லா ஜன்னல் வச்சிருக்க" என்று சிரித்தாள்.

வேலை நடந்துகொண்டிருக்கும்போதே என் உப்புக்கண்டத்தைப் பற்றி விசாரித்தாள். நின்று பதில் சொல்வதைவிட மீனைத் திருப்பிக்கொண்டே பதில் சொல்வது எளிதாக இருந்தது.

"எதுல காயப் போட்ட?"

"மாடியில தகரம் கெடந்துச்சு. அதுல."

"எத்தன மணிக்கு?"

"பன்னெண்டு மணிக்கு. நல்ல வெயில்ல."

"அப்ப அது காயவே இல்லளா. வெந்துருக்கு."

திருப்பிக்கொண்டிருந்த மீனைக் கீழே வைத்துவிட்டு விளக்கினாள். முதல் நாள் உச்சி வெயில் பட்டால் மேல்தோல் சட்டென்று இறுகி மூடிவிடும். உள்ளே இருக்கும் தண்ணீருக்கு வெளியே வர வழி இருக்காது. வெளியே கட்டை மாதிரி இருக்கும், உள்ளே பச்சையாகவே இருக்கும். அதனால் முதல் நாள் காலை வெயில், மாலை வெயில் மட்டும். நடுப்பகலில் நிழலில் காற்றுக்குப் போட வேண்டும். இரவில் எடுத்து அடுக்கிப் பாரம் வைத்தால் உள் ஈரம் வெளிப்பக்கம் வரும். மறுநாள் அதை வெயில் எடுத்துக்கொள்ளும். இப்படி நாலு நாள். இப்போது கச்சான் காற்று அடிக்கிற காலம், மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று, அதனால் நாலு நாள். மழைக்காலத்தில் கணக்கு கிடையாது, அவளே போடுவதில்லையாம்.

"எடுத்ததும் டப்பால அடச்சியோ?"

"ஆமா. சூட்டோட."

"அது வேற. சூட்டோட அடச்சா டப்பாக்குள்ள வேர்க்கும்லா." அடுத்த மீனைத் திருப்பிப் போட்டுவிட்டு, "ஒங்கப்பா அதத் தின்னாரு பாரு. எங்கப்பான்னா என் தலையில எறிஞ்சிருப்பாரு" என்றாள். அவள் அம்மா உள்ளே இருந்து, "எறியத்தான் செஞ்சாரு, நீ மொதல்ல போட்ட நெத்தலிய" என்றார்கள். ஜெனிட்டா அக்காவுக்கு வந்த வெட்கத்தைப் பார்த்து அன்று முதல் தடவையாக நான் சத்தமாகச் சிரித்தேன்.

கடைசியாக ஒரு சோதனை சொல்லித் தந்தாள். காய்ந்தது என்று தோன்றினால், நன்றாக ஆறவிட்டு, தடிப்பான துண்டு ஒன்றை ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில் போட்டு இறுக மூட வேண்டும். ராத்திரி முழுக்க வைத்து, காலையில் அரை மணி நேரம் வெயிலில் காட்ட வேண்டும். உள்பக்கம் பனி மாதிரி படிந்தால் இன்னும் தண்ணீர் இருக்கிறது. "கை பொய் சொல்லும். கண்ணும் பொய் சொல்லும். பாட்டில் சொல்லாது." ஆட்டுக்கறிக்கும் இதேதான். சில பேர் காட்டு முயல், காட்டுப்பன்றிக் கண்டம் பற்றி அவளிடம் கேட்பார்களாம். அதெல்லாம் பிடித்தால் கேஸ், கேட்காதீர்கள். என்னிடமும் கேட்காதீர்கள்.

மத்தியானம் அவர்கள் வீட்டில் சோறும் சாளைக் கருவாட்டுக் குழம்பும். காசு கொடுக்கப் போனால் அடிக்க வந்தாள். தொட்டியில் உப்பு ஏறிய பாறை மூன்று கிலோவை மட்டும் விலைக்குத் தந்தாள், 750 ரூபாய். பாக்கி வேலை நான் என் வீட்டு மாடியில் செய்ய வேண்டும். பதிலுக்கு நான் கறியை அறுக்கும் விதத்தைக் காட்டினேன். துண்டு துண்டாக இல்லாமல், திருப்பித் திருப்பி அறுத்து ஒரே நாடாவாக இழுப்பது. கறி இல்லாததால் ஒரு வாழைப்பழத் தோலில் காட்டினேன். மூன்று தடவை பண்ணச் சொல்லி வீடியோ எடுத்துக்கொண்டாள். என் கை மட்டும்தான் அதில் தெரியும்.

மாலை 4.15க்கு ஆத்தூரில் பஸ் ஏறினேன். மீன் வைத்த வாளியை மூடிச் சாக்கு சுற்றியிருந்தும் கண்டக்டர் ஏறினதும் கண்டுபிடித்துவிட்டார். "கருவாடா? கடைசி சீட்டுக்குப் போம்மா." கருவாடு இல்லை, இன்னும் ஆகவில்லை என்று சொல்ல நினைத்தபடியே வாளியைத் தூக்கிக்கொண்டு போனேன். கடைசி சீட்டில் பக்கத்தில் இருந்த பெண் மூக்கைச் சேலையால் பொத்திக்கொண்டே, "பாறையா? எங்க வாங்குன? கிலோ என்ன வெல?" என்றாள். பழைய பஸ் ஸ்டாண்ட் வரும்வரை அவளுக்கு விவரம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

திங்கட்கிழமை சொன்னபடியே செய்தேன். மாடியில் இரண்டு நாற்காலிக்கு நடுவில் கொசுவலையைக் கட்டினேன். செவ்வாய்க்கிழமை பகல் முழுக்க மூட்டம். நாலு துளி விழுந்தது. ஓடிப்போய் எடுத்து ஃபேனுக்குக் கீழே விரித்தேன். அம்மா வீடெல்லாம் நாறுகிறது என்றாள், ஆனால் ஃபேனை அவள்தான் வேகமாக வைத்தாள். புதன்கிழமை நல்ல வெயில். சாயங்காலம் வளைத்துப் பார்த்தேன், விறைப்பாக இருந்தது. ஆறவிட்டு ஒரு துண்டைப் பாட்டிலில் போட்டேன். மற்றதை அம்மா டப்பாவில் எடுத்துவைத்தாள், மூடாமல்.

வியாழக்கிழமை காலை எட்டரைக்குப் பாட்டிலை வெயிலில் வைத்தேன். ஒன்பது மணிக்குப் பார்த்தேன். கழுத்துப் பக்கம் லேசாகப் பனி. விரல் அகலம்தான் இருக்கும். பத்து மணிக்கு அப்பா கிளம்ப வேண்டும்.

அப்பா பையை எடுத்துக்கொண்டு, "ஏளா, மீன் எங்க?" என்றார்.

"இன்னும் காயலப்பா."

பாட்டிலைக் காட்டினேன். வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதுவா? இது ஒரு ஈரமா? வண்டியில போற வழியில காய வச்சுக்கிடுதேன். குடு."

"தரமாட்டேன்."

அப்பாவிடம் நான் அப்படிச் சொன்னதே இல்லை. அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா எங்கேயோ பார்த்தாள். அப்பா டப்பாவுக்குக் கையை நீட்டினார். நான் டப்பாவைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஏறிவிட்டேன். ஒவ்வொன்றாக வலைமேல் விரித்தேன். கொஞ்ச நேரத்தில் அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு மாடிக்கு வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். தோல் பக்கம் மேலே கிடந்த இரண்டு துண்டைத் திருப்பிப் போட்டுவிட்டு, "வாரேன்" என்று இறங்கிப் போனார். அம்மா கடையில் வாங்கிய நெத்தலிக் கருவாட்டுப் பொட்டலத்தோடு லாரி போனது.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயம். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், திங்கள் காலையிலும் மீன் குறைவு. செவ்வாய் முதல் சனி வரை நல்லது, காலை எட்டு மணிக்குள் கரையில் இருங்கள். ஏப்ரல் நடுவில் இருந்து ஜூன் நடுவரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், நாட்டுவள்ள மீன் மட்டும் கிடைக்கும், விலை கூடுதலாக இருக்கும். போகும் முன் போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள், கூச்சமாக இருந்தாலும். மூடி இறுகும் வாளி கொண்டுபோங்கள். எனக்கு மொத்தச் செலவு பஸ், ஆட்டோ போக வர 90, மீன் 750, ஆக 840 ரூபாய். மூன்று கிலோ மீன் காய்ந்து ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல் வந்தது. அடுத்தவருக்குக் கட்டிக் கொடுக்கும் முன் ஒரு துண்டு நீங்கள் தின்று இரண்டு நாள் பாருங்கள். முதல் தடவை அப்பாவுக்குக் கட்டிக் கொடுத்தபோது நான் அதை வாயில் வைத்தே பார்க்கவில்லை. ஒரு கிலோ கறி, அப்பாவுக்கே முழுசாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை விஜயவாடா தாண்டி அப்பா போன் பண்ணினார். சாப்பிட்டேனா என்று கேட்கவில்லை. "அங்கன மழை உண்டா? மீன எடுத்துட்டியா?" என்றார். எடுத்துவிட்டேன், பாட்டிலில் ஒன்றும் படியவில்லை என்றேன். "அப்ப சரி" என்று வைத்துவிட்டார்.

அன்று மத்தியானம் ஒரு துண்டை வெந்நீரில் ஊறவைத்துக் கழுவி, எண்ணெயில் பொரித்து, ரசச் சோற்றோடு நானே தின்றேன். உப்பு கொஞ்சம் கூட, மற்றபடி நன்றாக இருந்தது. இதை எழுதும்போது ஐந்து நாள் ஆகிறது. எனக்கு ஒன்றும் செய்யவில்லை. அம்மா நேற்று கேட்காமலே ஒரு துண்டு எடுத்துக்கொண்டாள். டப்பாவில் இன்னும் பதினேழு துண்டு இருக்கிறது. அப்பா செவ்வாய்க்கிழமை வருகிறார்.